மிட்டாய் ஐயாவின் சிவப்பு அங்கி

காலை மணி 10.10. நீதிமன்றத்தின் உடுப்பறை வாசலில் நின்றுகொண்டு அங்கிக்காரர் வாயைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தார். சாதாரண நாளில் அவர் வாயைத் திறந்தால் மூட அரை மணி நேரம் ஆகும். இன்றைக்கு ஒரே ஒரு வாக்கியம்தான் வந்தது.

"சிவப்பைக் காணோம்."

அந்தக் கட்டடத்தில் சிவப்பு என்றால் ஒன்றே ஒன்றுதான். ஆண்டு தொடங்கும் நாளில் மட்டும் தலைமை நீதிபதி போட்டுக்கொள்ளும் கம்பளி அங்கி. கழுத்திலும் மணிக்கட்டிலும் வெள்ளை ரோமப் பட்டை வைத்துத் தைத்தது. மற்ற நாட்களில் எல்லோருக்கும் கறுப்புதான். இந்த ஒரு நாள் மட்டும், சரியாகப் பதினோரு மணிக்கு, தலைமை நீதிபதி சிவப்பில் முன்னே நடக்க, மற்ற நீதிபதிகள் கறுப்பில் பின்னே நடக்க, பெரிய மண்டபத்துக்கு ஊர்வலம் போக வேண்டும். மண்டபத்தில் ஏற்கெனவே ஆட்கள் நிரம்பியிருந்தார்கள். முன்வரிசையில் இருமல்கூட ஆரம்பமாகிவிட்டது.

எதிர் அறையில் தட்டச்சு செய்துகொண்டிருந்த சுருக்கம்மாவின் காதில் அந்த வாக்கியம் விழுந்தது. விரல்கள் நிற்கவில்லை. இருபத்தாறு வருஷமாகக் கூண்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அடுத்தவர் சொல்வதையெல்லாம் சுருக்கெழுத்தில் பிடித்த விரல்கள் அவை. சுருக்கெழுத்துக்காரி என்பதால் வந்த பெயர் சுருக்கு. பேச்சும் சுருக்கென்று தைக்கும் என்பதால் அந்தப் பெயர் நிலைத்துவிட்டது. காலை விசாரணையின் பதிவை ஊர்வலத்துக்கு முன்னால் கையெழுத்துக்குக் கொடுத்தாக வேண்டும். அதனால் காதை வெளியே வைத்துக்கொண்டு கையை மட்டும் ஓட்டினாள். வெளியே அங்கி அங்கி என்று ஒரே கூச்சல்.

காணாமல் போனது வேறு எந்தப் பொருளாக இருந்தாலும் அவள் எழுந்தே வந்திருக்க மாட்டாள். ஆனால் அங்கிக்காரர் அவளுக்குச் சம்பந்தியாகப் போகிறவர். அவருடைய மகனுக்கும் இவளுடைய மகளுக்கும் இன்னும் பத்தே நாளில் கல்யாணம்.

சம்பந்தியை அவளுக்குப் பிடிக்காது என்று சொல்ல முடியாது. தாங்கத்தான் முடியாது. பெண் பார்க்க வந்த அன்றைக்கு, பெண்ணைப் பற்றி ஒரு கேள்வி கேட்காமல், நீதிபதிகள் அங்கியின் சரித்திரத்தை ஆரம்பித்தவர் அவர். எங்கேயோ ஒரு ராஜா செத்துப் போனாராம். துக்கம் காக்க நீதிபதிகளெல்லாம் கறுப்புக்கு மாறினார்களாம். துக்கம் முடிந்தது, கழற்றுங்கள் என்று சொல்ல ஒருத்தருக்கும் ஞாபகம் இல்லையாம். முந்நூறு வருஷமாக இன்னும் அந்த ராஜாவுக்காகத்தான் அழுதுகொண்டிருக்கிறார்களாம். மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்துத்தான் சுருக்கம்மா சம்மதித்தாள். அதற்குப் பிறகும் அவர் விடவில்லை. இந்த நீதிமன்றத்தில் முதன்முதலாகச் சிவப்பு தைத்தபோது, பழைய நீதிபதிகள் ஒப்புக்கொள்ளவில்லையாம், ஒரேயடியாகத் துக்கத்தை விட முடியாது என்று ஒற்றைக்காலில் நின்றார்களாம், கடைசியில் வெளியே சந்தோஷம் உள்ளே துக்கம் என்று ஏதோ சமாதானம் ஆயிற்றாம். அதற்குள் சுருக்கம்மா அடுப்பில் வைத்த பாலை நினைக்க ஆரம்பித்துவிட்டாள். அந்தக் கதையை அதற்குப் பிறகும் பத்து தடவை கேட்டிருக்கிறாள். பத்து தடவையும் பால்தான்.

10.20. பதிவாளர் வந்தார். அந்தக் கட்டடத்தின் பூட்டு, சாவி, மணி, நாற்காலி எல்லாம் அவர் பொறுப்பு. போலீஸ் வேலைக்கு மனுப் போட்டு உயரம் போதாமல் திரும்பியவர் என்று ஒரு பேச்சு உண்டு. அந்த ஆசை இன்னும் ஆறவில்லை. அங்கிக்காரரை வாசல் பெஞ்சில் உட்காரவைத்து, உள்ளே போகக் கூடாது என்றார். சுருக்கம்மாவை அழைத்து, நான் கேட்பது, அவர்கள் சொல்வது, ஒரு எழுத்து விடாமல் எழுது என்றார். பதினோரு மணிக்குள் அங்கி கிடைக்காவிட்டால் பத்து ஐம்பத்தொன்பதுக்குப் போலீசுக்குப் போன் செய்வதாகவும் சொன்னார்.

சுருக்கம்மாவின் நினைப்பு மகளிடம் ஓடியது. போலீஸ் வண்டியில் ஏறின மாமனாரோடு மகள் எந்த மண்டபத்துக்குப் போவாள்? கல்யாணத்தை நிறுத்தினால் அவள் நொறுங்கிப் போவாள். நிறுத்தாவிட்டால் ஊர் வாயை மூட முடியாது. நோட்டைப் பிரித்துக்கொண்டு நின்றாள்.

"எப்ப எடுத்தீங்க?" என்றார் பதிவாளர்.

"எட்டரைக்கு. பீரோவிலேர்ந்து எடுத்து, மடிப்பு போக ஆவி காட்டினேன். ஐயா ஆணியில, அவரோட கறுப்புக்கு மேல, வழக்கம்போல மாட்டினேன்."

"அப்புறம்?"

"ஒன்பது இருபதுக்கு வெளியே போனேன்."

"எங்கே?"

அங்கிக்காரர் தரையைப் பார்த்தார். இரண்டாவது தடவை கேட்டபோதும் தரையைத்தான் பார்த்தார். திரும்பி வந்தது ஒன்பது நாற்பதுக்கு என்று மட்டும் சொன்னார். வந்து பார்த்தால் ஆணி காலி. ஐயா கறுப்பைப் போட்டுக்கொண்டு போய்விட்டார் என்பது தெரிந்தது, சிவப்பு போன இடம்தான் தெரியவில்லை. அரை மணி நேரம் தானே தேடிப் பார்த்துவிட்டு, முடியாமல்தான் வாயைத் திறந்தாராம்.

வழக்கம்போல என்ற சொல்லை சுருக்கம்மா எழுதிக்கொண்டாள். அந்தக் கட்டடத்தில் சாட்சி சொல்கிற எல்லோருக்கும் அந்தச் சொல் வரும். வழக்கம்போல கதவைப் பூட்டினேன், வழக்கம்போல படுத்தேன் என்பார்கள். எந்த வழக்கம் என்று எந்த வக்கீலும் கேட்டதில்லை. பதிவாளரும் கேட்கவில்லை.

10.27. உடுப்பறைக்குள் பதிவாளரும் சுருக்கம்மாவும் மட்டும் போனார்கள். நீளமான, இருட்டான அறை. ஜன்னலுக்குக் கம்பி. கம்பிக்குள் பூனைகூட நுழையாது. சுவரில் ஐந்து நீதிபதிகளுக்கு ஐந்து ஆணி. ஐந்தும் காலி, ஏனென்றால் ஐந்து பேரும் அங்கியோடு நடமாடிக்கொண்டிருந்தார்கள். பீரோ திறந்து கிடந்தது. பதிவாளர் குனிந்தார், நிமிர்ந்தார், பெட்டியைத் தட்டிப் பார்த்தார், சுவரையும் தட்டிப் பார்த்தார். தலைமை நீதிபதியின் ஆணிக்குக் கீழே இருந்த தகரப் பெட்டிக்குப் பின்னால் கையை விட்டவர், ஒரு கறுப்பு அங்கியை வெளியே இழுத்தார். ஒட்டடையோடு சுருண்டு கிடந்தது. சிவப்பைக் கோட்டைவிட்ட மனிதர் கறுப்பையும் குப்பையில் போட்டு வைத்திருக்கிறார் என்று முணுமுணுத்துக்கொண்டே அதைத் தட்டி, பக்கத்து ஆணியில் மாட்டினார். அதையும் சுருக்கம்மா எழுதிக்கொண்டாள்.

10.32. இரண்டாம் நீதிபதி அம்மாவின் அறை. இவர் மேல் பதிவாளருக்கு ஒரு சந்தேகம். போன மாதக் கூட்டத்தில் அந்தச் சிவப்புக் கம்பளியை ஒரு நாள் தீ வைத்துக் கொளுத்த வேண்டும் என்று இவர் சொன்னது ஊருக்கே தெரியும். ஆனாலும் நீதிபதியைக் கேள்வி கேட்பதற்குப் பதிவாளருக்கு நாக்கு வரவில்லை. வானிலையைப் பற்றி ஆரம்பித்தார்.

"கொளுத்தணும்னு சொன்னேன். திருடணும்னு சொல்லலை," என்றார் அம்மா. "ரெண்டும் வேற வேற பிரிவு."

பிறகு அவரே சொன்னார். அவர் உடுப்பறைக்குப் போனது ஒன்பது இருபத்தெட்டுக்கு. கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டேதான் போனார், ஏனென்றால் தாமதமாகிவிட்டது. அங்கிக்காரர் இல்லை. தலைமை நீதிபதியின் ஆணி காலி. தன் கறுப்பைத் தானே மாட்டிக்கொண்டு போய்விட்டார். இன்றைக்கு ஒரே குளிர் என்று சொல்லிக்கொண்டே ஜன்னலைச் சாத்தினார்.

ஒன்பது இருபதுக்கு அங்கி இருந்தது. ஒன்பது இருபத்தெட்டுக்கு இல்லை. நடுவில் எட்டு நிமிஷம். சுருக்கம்மா அந்த இரண்டு நேரத்தையும் கோடு போட்டு வைத்தாள். மற்ற மூன்று நீதிபதிகளும் ஒன்பது மணிக்கே அங்கியோடு போய்விட்டதால், அந்த எட்டு நிமிஷத்தில் உடுப்பறைக்குப் போன ஆள் வேறு ஒருவர்தான் உண்டு.

10.37. அந்த ஒருவர் தன் அறையில், முழு வேகத்தில் சுற்றும் மின்விசிறிக்குக் கீழே, வேர்த்து வழிந்துகொண்டு உட்கார்ந்திருந்தார். தலைமை நீதிபதி. தொண்டைக் கரகரப்புக்காக எந்நேரமும் மிட்டாய் சப்புவதால், முதுகுக்குப் பின்னால் மிட்டாய் ஐயா. மிட்டாய் டப்பாவை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார். கழுத்தைச் சொறிந்தார், மணிக்கட்டைச் சொறிந்தார், மறுபடி கழுத்துக்கு வந்தார். காலை விசாரணை முழுக்க இப்படித்தான். ஒரு சுவருக்கு இரண்டு வீட்டுக்காரர்கள் சண்டை போட்ட வழக்கு. சுவரைப் பற்றி இரண்டு வார்த்தை கேட்பார், உடனே கழுத்தைச் சொறிவார்.

அங்கியைக் கழற்றிவிட்டுக் கொஞ்சம் காற்றாட இருக்கலாமே என்றார் பதிவாளர்.

"முடியாது. சிவப்பு கையில இருந்தாத்தான் கறுப்பைக் கழட்டணும். அங்கி இல்லாத நீதிபதி வெறும் ஆள்," என்றார் தலைமை நீதிபதி. அந்தக் கட்டடத்தின் பழைய விதி அது. தீப்பிடித்தாலும் அங்கியோடுதான் ஓட வேண்டும் என்பார் அங்கிக்காரர்.

காலையில் உடுப்பறைக்குப் போனது ஒன்பது இருபத்தைந்துக்கு என்றார். அங்கிக்காரர் இல்லை. வழக்கமாக என்ன நடக்கும் என்றால், இவர் கண்ணை மூடிக்கொண்டு இரண்டு கையையும் மேலே தூக்குவார், அங்கிக்காரர் தலைவழியாக அங்கியை இறக்குவார். முன்பக்கம் திறப்பில்லாத அங்கி, வேறு வழி கிடையாது. கீழேயிருந்து மேலே உருவுவதும் அங்கிக்காரர்தான். ஆனால் இன்றைக்கு இவரே போட்டுக்கொண்டாராம். அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கிய களை வந்தது.

"இருபது வருஷத்துல முதல் தடவை. ஆணியில மேலே இருந்ததை இழுத்தேன், தலையை விட்டேன், முடிஞ்சுது. இதுக்கு ஒரு ஆளான்னு இருந்துச்சு."

"சிவப்பு அங்கே இருந்துச்சாங்க ஐயா?"

"நான் எங்கே பார்த்தேன்? இருட்டு. என் மூக்குக்கண்ணாடி இந்த மேஜை மேல இருந்துச்சு. அதோட அங்கி போடும்போது கண்ணை மூடிக்குவேன். பழக்கம்."

இப்போது பதிவாளர் தன் துருப்புச்சீட்டை இறக்கினார். சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து, கண்ணுக்கு நேரே பிடித்து வாசித்தார். சுருக்கம்மா அவசர அவசரமாகத் தட்டச்சு செய்து முடித்த காலைப் பதிவு அது. ஒன்பது ஐம்பத்திரண்டுக்கு, சுவர்ச் சாட்சி பேசிக்கொண்டிருக்கும்போதே, தலைமை நீதிபதி இரண்டு சொல் சொல்லியிருக்கிறார்: "பை. அங்கி."

"அப்படியா சொன்னேன்?" என்றார் தலைமை நீதிபதி.

"பதிவில இருக்குங்க ஐயா."

தலைமை நீதிபதி யோசித்தார். எவ்வளவு யோசித்தும் ஞாபகம் வரவில்லை. ஆனால் பதிவை நம்பாத நீதிபதி வேறு எதை நம்புவார்? பதிவில் இருந்தால் சொல்லியிருப்பேன், சொன்னேன் என்றால் பார்த்திருப்பேன், பையில் அங்கியைத்தான் பார்த்திருக்க வேண்டும் என்று மெல்ல மெல்ல அவரே முடிவுக்கு வந்தார்.

அதற்குள் பதிவாளருக்கு மூக்கில் வேர்த்துவிட்டது. ஒன்பது நாற்பதுக்கு அங்கிக்காரர் பெரிய துணிப்பையோடு வாசல் வழியாக உள்ளே வந்ததைக் காவலாளி பார்த்திருக்கிறார். விசாரணை அறையின் பக்கக் கதவு திறந்தே இருந்தது. பன்னிரண்டு நிமிஷம் கழித்துப் பையோடு அவர் அந்த வழியாகப் போனதை ஐயா மேடையிலிருந்து பார்த்துவிட்டார். கணக்கு நேராகிவிட்டது; திருடின பொருளை யாராவது உள்ளே கொண்டுவருவார்களா என்று அவர் யோசிக்கவில்லை.

10.42. அங்கிக்காரரையும் பையையும் ஒன்றாக ஐயாவின் அறைக்கே கொண்டுவந்தார்கள். பையை அவர் நெஞ்சோடு அணைத்துக்கொண்டிருந்தார். கொடுங்கள் என்றால் கொடுக்கவில்லை. சம்பந்தியம்மாவை ஒரு பார்வை பார்த்தார். அந்தப் பார்வையில் கெஞ்சல் இருந்தது, வெட்கமும் இருந்தது. பதிவாளர் பையைப் பிடுங்கிக் கவிழ்த்தார்.

மேஜைமேல் சிவப்பு விழுந்தது.

சுருக்கம்மாவின் பென்சில் முனை ஒடிந்தது. இருபத்தாறு வருஷத்தில் எத்தனையோ கொலை வழக்கை எழுதியிருக்கிறாள், ஒரு தடவைகூட ஒடிந்ததில்லை. கையும் களவுமாக என்று பதிவாளர் ஆரம்பித்தார். சுருக்கம்மா கிட்டே போய்த் துணியைத் தொட்டுப் பார்த்தாள். வெல்வெட். கம்பளி இல்லை. தையல்காரரின் சாக்பீஸ் கோடுகூட இன்னும் அழியவில்லை. கழுத்தில் ரோமத்துக்குப் பதிலாக வெள்ளைப் பஞ்சு வைத்துத் தைத்திருந்தது. முழங்கால் வரைக்கும் வரும், முன்பக்கம் திறப்பு கிடையாது.

"இது என்ன சம்பந்தி?" என்றாள்.

அங்கிக்காரர் வெல்வெட்டின் மடிப்பை நீவினார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"கல்யாணத்துக்கு. எனக்கு. தையல்காரர் வாசல்ல வந்து நிக்கிறேன்னாரு, வாங்கப் போனேன்." கழுத்துப் பஞ்சைச் சரிசெய்தார். "முப்பது வருஷமா அடுத்தவங்களுக்கே மாட்டிவிட்டேன். ஒரு நாளாச்சும் நானும் போட்டுப் பார்க்கணும்னு ஒரு ஆசை. சொன்னா நீங்க சிரிப்பீங்க."

வேறு நாளாக இருந்தால் நிச்சயம் சிரித்திருப்பாள். சிவப்பு வெல்வெட்டில், கழுத்தில் பஞ்சோடு ஒரு சம்பந்தி வந்து நின்றால் எந்தப் பெண்வீட்டுக்காரியும் சிரிப்பாள். இப்போது அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

பதிவாளர் அசையவில்லை. இது வேறு அங்கி என்றால் அது எங்கே? ஐயாவே பை, அங்கி என்று சொல்லியிருக்கிறாரே? அதற்கு என்ன பதில்? எங்கே என்று ஒரு தடவை, அங்கி என்று ஒரு தடவை, மாற்றி மாற்றி மேஜையைத் தட்டினார்.

எங்கே. அங்கி. சுருக்கம்மாவின் காதுக்குள் அந்த இரண்டு சொல்லும் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்தன. நோட்டை வேகமாகப் பின்னால் புரட்டினாள். ஒன்பது ஐம்பத்திரண்டு. சின்னக் கோடு ஒன்று, அது பை. பக்கத்தில் ஒரு கொக்கி. அவ்வளவுதான்.

சுருக்கெழுத்தில் மெய்யெழுத்துக்குத்தான் கோடு. உயிரெழுத்துக்குப் புள்ளி. மேடையில் இருப்பவர்கள் மூச்சுவிடாமல் பேசும்போது புள்ளி வைக்க யாருக்கு நேரம்? உயிரை விட்டுவிட்டு மெய்யை மட்டும் போட்டுக்கொண்டே போவார்கள். அங்கி, அங்கே, இங்கே, எங்கே எல்லாம் தாளில் ஒரே கொக்கிதான். பிறகு தட்டச்சு செய்யும்போது, இடம் பார்த்து உயிர் கொடுப்பது எழுதியவள் பொறுப்பு. அவள் அதற்கு உயிர் கொடுத்த நேரம் பத்து பன்னிரண்டு. வெளியே அங்கி அங்கி என்று கத்திக்கொண்டிருந்தார்கள். காதில் விழுந்தது கையில் வந்துவிட்டது.

சம்பந்தியைக் கூண்டில் ஏற்றியது பதிவாளர் இல்லை. தான்தான் என்று தெரிந்தபோது, அவளுக்குக் காது மடல் வரைக்கும் சுட்டது. இருபத்தாறு வருஷப் பெருமை ஒரு கொக்கியில் தொங்கிக்கொண்டிருந்தது.

10.49. நோட்டை மூடாமலே நிமிர்ந்தாள்.

"ஐயா, ஒரு கேள்வி. பதிவுக்காக."

சுருக்கம்மா கேள்வி கேட்டு அங்கே யாரும் பார்த்ததில்லை. தலைமை நீதிபதி பழக்கத்தில் அனுமதி உண்டு என்றார்.

"மிட்டாய் டப்பாவை எப்பவும் எங்கே வைப்பீங்க?"

"அங்கியோட வலது பையில. அங்கிக்காரர்தான் எனக்குன்னு வச்சுத் தச்சுக் கொடுத்தாரு."

"இன்னைக்கு ஏன் கையில வச்சிருக்கீங்க?"

"பையைத்தான் காணோமே. காலையிலேர்ந்து துழாவறேன். மேடையிலகூடக் கேட்டேன்."

"என்னன்னு கேட்டீங்க ஐயா?"

"பை எங்கேன்னு கேட்டேன்."

சொல்லி முடித்த பிறகுதான் அவருக்கே அது காதில் விழுந்தது. பதிவாளர் தாளைப் பார்த்தார், நோட்டைப் பார்த்தார். பொய்ச் சாட்சி சொன்னது நான்தான், மன்னிக்கணும் என்று சுருக்கம்மா நிமிர்ந்தே சொன்னாள். பதிவில் இருந்தது ஐயாவின் வார்த்தை இல்லை, என் அவசரம் என்றாள்.

"அது சரி, அங்கி எங்கே?" என்றார் பதிவாளர்.

"அதையும் ஐயாவே சொல்லிட்டாரு," என்றாள் சுருக்கம்மா. பிறகு அங்கிக்காரர் பக்கம் திரும்பினாள். "சம்பந்தி, சிவப்பை வழக்கம்போல மாட்டினேன்னு சொன்னீங்க. அது என்ன வழக்கம்?"

முப்பது வருஷத்தில் முதல் தடவையாக அவரிடம் ஒருவர் தானாக அங்கியைப் பற்றிக் கேட்கிறார். அந்த நிலைமையிலும் அவர் முகம் மலர்ந்துவிட்டது. வெளிச்சம் பட்டால் சிவப்பு வெளுத்துவிடும் என்றார். அதனால் எப்போதும் உள்பக்கத்தை வெளியே திருப்பித்தான் மாட்டுவாராம். ஐயாவுக்கு மாட்டிவிடும்போதுதான் நேராக்குவாராம். ஐயா கண்ணை மூடியிருப்பதால் அது அவருக்கே தெரியாதாம். உள்பக்கம் என்ன நிறம் என்று சுருக்கம்மா கேட்டாள்.

"அதான் பெண் பார்க்க வந்தப்பவே சொன்னேனே சம்பந்தியம்மா. வெளியே சந்தோஷம், உள்ளே துக்கம். சிவப்புக்கு உள்ளே முழுக்கக் கறுப்பு..."

நிறுத்திக்கொண்டார். வாய் திறந்தபடியே இருந்தது. கண் மெல்ல மெல்லத் தலைமை நீதிபதியின் பக்கம் போயிற்று. ஊரே குளிரில் ஜன்னலைச் சாத்துகிற நாளில் வேர்த்துக்கொண்டு, கழுத்தையும் மணிக்கட்டையும் சொறிந்துகொண்டு, இல்லாத பையைத் தேடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார் அவர்.

மேலே இருந்ததை இழுத்தபோது கீழே இருந்த கறுப்பு நழுவிப் பெட்டிக்குப் பின்னால் விழுந்திருக்கிறது. அதைப் பதிவாளரே எடுத்துத் தூசி தட்டி மாட்டினார். ஐந்து நீதிபதி, ஐந்து கறுப்பு, ஐந்து பேரும் போட்டுக்கொண்டு திரிகிறார்கள். அப்படியானால் ஆணியில் தொங்கும் ஆறாவது கறுப்பு யாருடையது என்று அங்கேயே கேட்டிருக்க வேண்டும். சிவப்பைத் தேடுகிறவர் கண்ணுக்குக் கறுப்பு தெரியவில்லை. இதையெல்லாம் சுருக்கம்மா ஒவ்வொன்றாக, நேரத்தோடு சொன்னாள். நானும்தான் பார்த்தேன், எழுதினேன், யோசிக்கவில்லை என்பதையும் சேர்த்துச் சொன்னாள்.

"ஐயா, கையைத் தூக்குங்க," என்றாள் கடைசியில்.

"சிவப்பு கையில இருந்தாத்தான் கறுப்பைக் கழட்டணும்," என்றார் தலைமை நீதிபதி. குரலில் பழைய உறுதி இல்லை.

"இருக்குங்க ஐயா."

தலைமை நீதிபதி எழுந்து நின்று கண்ணை மூடிக்கொண்டு இரண்டு கையையும் தூக்கினார். அங்கிக்காரர் குனிந்து, கீழ் விளிம்பைப் பிடித்து, ஒரே இழுப்பில் மேலே உருவினார். கறுப்பு உள்ளே போகப் போக, முழங்கால், இடுப்பு, மார்பு என்று சிவப்பு வெளியே வந்துகொண்டே இருந்தது. கடைசியில் வெள்ளை ரோமத்துக்குள்ளிருந்து ஐயாவின் தலை வந்தது. முடி நாலா பக்கமும் நின்றது. கழுத்து அங்கியைவிடச் சிவப்பாக இருந்தது.

"திருடினது யாரு?" என்றார் கண்ணைத் திறக்காமலே.

"எடுத்தது நீங்கதாங்க ஐயா," என்றாள் சுருக்கம்மா. "வெண்ணெயைக் கையில வச்சுக்கிட்டு நெய்க்கு அலைஞ்சோம்."

பதிவாளர் விட்டத்தைப் பார்த்தார். பிறகு தலைமை நீதிபதியின் தோள் குலுங்க ஆரம்பித்தது. முதலில் இருமல் என்றுதான் நினைத்தார்கள். சிரிப்பு. வாயிலிருந்த மிட்டாய் எகிறிப் பதிவாளரின் காலணிமேல் விழுந்தது.

10.56. அங்கிக்காரர் சிவப்பை நேர்ப்பக்கமாக மாட்டிவிட்டார். 11.00. ஊர்வலம் கிளம்பியது. மண்டபத்தில் எல்லோரும் எழுந்து நின்றார்கள். தலைமை நீதிபதி இவ்வளவு சந்தோஷமாக நடந்து யாரும் பார்த்ததில்லை என்று பிறகு பேசிக்கொண்டார்கள்.

மதியம் பதிவாளர் வந்து, காலை நடந்தது எதுவும் பதிவில் இருக்க வேண்டாம் என்று சுருக்கம்மாவிடம் இறங்கி வந்து கேட்டார். ஒரு எழுத்து விடாமல் எழுதச் சொன்னது நீங்கள்தானே என்றாள் அவள். அதற்குப் பிறகு சுவர் வழக்கின் பதிவை எடுத்து, அங்கி என்பதை அடித்து எங்கே என்று திருத்தி, பக்கத்தில் கையெழுத்துப் போட்டாள். இருபத்தாறு வருஷத்தில் அது அவளுடைய முதல் திருத்தம்.

மாலை ஐந்து மணிக்கு உடுப்பறைக்குப் போனாள். அங்கிக்காரர் சிவப்பைப் பீரோவில் வைத்துப் பூட்டிக்கொண்டிருந்தார். துணிப்பை மூலையில் கிடந்தது. அதைத் தையல்காரரிடமே திருப்பிக் கொடுத்துவிடுவதாகச் சொன்னார். வயதுக்கு ஏற்றமாதிரி வேட்டி சட்டையில் வந்துவிடுகிறேன் சம்பந்தியம்மா, உங்களுக்குத் தலைகுனிவு வேண்டாம் என்றார்.

"இன்னைக்கு உங்களைத் தலைகுனிய வச்சது நான்," என்றாள் சுருக்கம்மா. "அதைப் போட்டுக்கிட்டுத்தான் வரணும். இல்லைன்னா பொண்ணு இல்லை."

பத்து நாள் கழித்துக் கல்யாணம். மண்டபத்துப் பின்னறையில் அங்கிக்காரர் சிவப்பு வெல்வெட்டைக் கையில் வைத்துக்கொண்டு தவித்துக்கொண்டிருந்தார். முப்பது வருஷம் அடுத்தவருக்கு மாட்டியவருக்குத் தனக்குத் தானே மாட்டிக்கொள்ளத் தெரியவில்லை. தலையை விட்டால் கை வரவில்லை, கையை விட்டால் தலை வரவில்லை. கதவு திறந்தது. சாதாரண வெள்ளைச் சட்டையில், கையில் மிட்டாய் டப்பாவோடு தலைமை நீதிபதி உள்ளே வந்தார். அங்கி இல்லாமல் அவர் சின்னதாகத் தெரிந்தார்.

"கொடுங்க இப்படி," என்று அதை வாங்கிக்கொண்டார். ஒரு தடவை உதறினார். கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டார். தையலைத் தடவிப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார். மறுபடி திருப்பினார். பிறகு வாசலில் நின்ற சுருக்கம்மாவின் பக்கம் நீட்டினார்.

"சுருக்கம்மா, எனக்கு இதுல அனுபவம் பத்தாது. இதுதானே நேர்ப்பக்கம்?"

அவள் கிட்டே வந்து, உள்ளே வெளியே இரண்டும் பார்த்து, ஆமாம் என்றாள். அங்கிக்காரர் கண்ணை மூடிக்கொண்டு, இரண்டு கையையும் மேலே தூக்கினார்.